அடுப்படிச் சீனச்சாமி

பொண்டாட்டி நாகஜோதி செத்து ஏழு மாதமாகிறது. முத்துக்குமரன் இன்னும் அழவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவனியாபுரத்தில் வீட்டை ஒட்டியிருக்கும் தன் கிரில் பட்டறையைத் திறந்து, யார் வீட்டுக்கோ கேட் பற்றவைக்க உட்கார்ந்துவிட்டார். "கல்லு மாதிரி இருக்காருய்யா" என்றார்கள் பார்த்தவர்கள். கல்லாவது வெயிலில் சூடேறும். இவருக்கு அதுவும் இல்லை. காலையில் டீ, மதியம் பார்சல், ராத்திரி புரோட்டா. வீட்டு அடுப்படிப் பக்கமே போவதில்லை. போனால் அங்கே சீனச்சாமி பார்த்துக்கொண்டிருக்கும்.

மூன்று வருசத்துக்கு முன்னால் நாகஜோதி கொண்டுவந்த படம் அது. சிவப்புத் தாளில் நீண்ட தாடிக்காரர் ஒருவர், பக்கத்தில் ஒரு அம்மா. சிம்மக்கல் பேன்ஸி கடை பாதுஷாவுக்கே அது யாரென்று தெரியாது. "சரக்கோட வந்துச்சுக்கா, சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றிருக்கிறான். "பொண்டாட்டியப் பக்கத்துல உக்கார வச்சிருக்காருல்ல, நல்ல மனுசனாத்தான் இருப்பாரு" என்று அடுப்புக்கு மேலே ஒட்டினாள். நெற்றியில் குங்குமம் வைத்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மல்லிகை.

அந்தப் படத்துக்குக் கீழே நின்றுதான் அன்றைக்கு, "ஏங்க, நெஞ்சப் பிசையுது" என்றாள். கிரகப்பிரவேச வீட்டுக்குக் கேட் கொண்டுபோகிற அவசரத்தில் இருந்தார் முத்துக்குமரன். "கேஸாத்தான் இருக்கும். ஒரு சோடாவக் குடி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நாலு மணிக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கேட்டவர்களிடம் "திடீர்னு ஆயிருச்சு" என்றார். சோடா விவகாரம் இவருக்கும் சுவரிலிருந்தவருக்கும் மட்டும்தான் தெரியும்.

பொங்கல் கழிந்து சில நாளில் உசிலம்பட்டியிலிருந்து அக்கா ஜெயக்கொடி ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். 'சீன வாஸ்து சக்கரவர்த்தி' வெள்ளைத்துரை. போன வருசம்வரை செல்போன் கவர் விற்ற சக்கரவர்த்தி. சபாரி சூட், கழுத்தில் திசைகாட்டி. பட்டறை இரும்புக்கு நடுவில் அந்த முள் கிறுக்குப் பிடித்துச் சுற்றியது. "எம்புட்டு எனர்ஜி பாருங்க!" என்றார் அவர்.

அடுப்படியில் படத்தைப் பார்த்ததும் அலறினார். "அண்ணே, இது சீனாக்காரங்க அடுப்புச்சாமி! வருசம் பூரா உக்காந்து வீட்ல நடக்குற அம்புட்டையும் பார்க்கும். அவங்க வருசப்பிறப்புக்கு ஒரு வாரம் முந்தி மேல போயி ரிப்போர்ட் குடுக்கும். அன்னைக்குப் படத்த எரிச்சு அனுப்பிட்டு, அப்புறம் புதுசு ஒட்டணும். நீங்க மூணு வருசமா லீவே விடலையே!"

"அதான் வீடு இப்படிக் கெடக்கா?" என்றாள் ஜெயக்கொடி. "எப்ப அனுப்பணும்?"

"இன்னைக்குத்தாங்க்கா அந்த நாள்."

"அனுப்பிருவோம். கருமாத்தூர்ல ஒரு பொண்ணு இருக்குப்பா தம்பி, மெதுவாப் பேசலாம்."

"எரிங்க" என்றார் முத்துக்குமரன்.

"சும்மா எரிக்கக் கூடாதுண்ணே. வாயில இனிப்புத் தடவணும். அப்பத்தான் மேல போயி நல்லத மட்டும் சொல்லும். அதுவும் இல்லாட்டி அந்த இனிப்புலயே வாய் ஒட்டிக்கிட்டு ஒண்ணுமே சொல்லாது."

"லஞ்சமாய்யா?" என்றாள் ஜெயக்கொடி.

"மரியாதைங்க்கா."

துக்க வீடு, பொங்கல் வைக்கவில்லை, இனிப்பு ஏது? முத்துக்குமரனே டப்பாக்களைத் துழாவினார். அவள் வாங்கி வைத்த வெல்லம் கல்லாகிக் கிடந்தது. அடுப்பைத் திருகியதும் குப்பென்று பிடித்தது. அவள் மாற்றிய சிலிண்டர். இன்னும் பாதிகூடத் தீரவில்லை. பாகு காய்ச்சி, படத்தை உரித்து, தாடிக்கு மேலே வாயில் விரலால் தடவினார். படம் இருந்த இடத்தில் கரி படியாத வெள்ளைச் சதுரம்.

வாசலில் வைத்து வெள்ளைத்துரை செல்போனில் படமெடுக்கத் தயாரானார். "கொஞ்சம் சிரிச்ச மாதிரி நில்லுங்கண்ணே, சேனலுக்கு."

முத்துக்குமரன் கேட்டார். "அம்புட்டையும் பார்த்திருக்குமா?"

"ஒண்ணு விடாதுண்ணே."

"சோடா குடிக்கச் சொன்னதையும்?"

"என்ன சோடாப்பா?" என்றாள் ஜெயக்கொடி.

சொன்னார். கேட்டுக்கு அளவு சொல்கிற குரலில், நாகஜோதி சுவரைப் பிடித்து நின்றது, மணி, கேஸ், சோடா எல்லாம் சொன்னார். ஜெயக்கொடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சக்கரவர்த்தி திசைகாட்டியைப் பார்த்தார்.

முத்துக்குமரன் பட்டறையில் கை துடைக்கும் பழந்துணியை நனைத்து, சாமியின் வாயிலிருந்த வெல்லத்தைத் துடைத்தார். தாடியில் கொஞ்சம் கிழிந்தது. வாய் தப்பித்தது.

"அண்ணே, தப்பாப் போட்டுக் குடுத்துரும்ணே!"

"பார்த்ததச் சொல்லட்டும்."

வெல்டிங் லைட்டரால் பற்றவைத்தார். நாகஜோதியின் விரல் வைத்த குங்குமம் கடைசியாகக் கருகியது.

"புதுப்படம் பையில கைவசம் இருக்கு, ஒட்டிருவமா?" என்றார் வெள்ளைத்துரை.

"நீ மொதல்ல பொறப்படுய்யா" என்றாள் ஜெயக்கொடி. கருமாத்தூரைப் பற்றி அப்புறம் அவள் வாய் திறக்கவில்லை.

தம்பி இப்போதாவது அழுவானா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் உள்ளே போனார். பாத்திரத்தில் பாகு இறுகியிருந்தது. தண்ணீர் ஊற்றி, அது இளகுவதற்காக மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார். பிறகு அந்த வெள்ளைச் சதுரத்தைப் பார்த்து, "கேஸுன்னுதான் நெனச்சேன்" என்றார்.