வாசல்ல பூத்த நாணல்

மீன் கூடையோட ஆட்டோவை விட்டு இறங்குறேன், எங்க வீட்டு வாசல்ல ஒருத்தர் மம்பட்டியால கொத்திக்கிட்டு இருக்கார். என் கொழுந்தன் சலாஹுதீன் பக்கத்துல நின்னுக்கிட்டு, "வேரோட எடுங்க, வேரோட"ன்னு ஏவுறான்.

"யா அல்லாஹ்! நிறுத்துங்க!"

நான் போட்ட சத்தத்துல எதிர்வீட்டு ஜன்னல் திறந்துச்சு. திறக்கட்டும். கேட்டுல இருந்து வீட்டுப் படிக்குப் போற பாதைக்கு இடது பக்கம் முழுக்க மொட்டை. வெட்டிவேர், விழல், கடற்கரையில இருந்து நான் கொண்டாந்து நட்ட ராவணன் மீசைப் புல்லு, எல்லாம் குப்பையாக் கிடக்கு. வலது பக்கம் நாணல் மட்டும் தப்பிச்சு நிக்குது, வெள்ளை வெளேர்னு பூத்துக்கிட்டு.

"எங்க நானா வர்றாங்க மச்சி. வாசல்ல புல்லு மண்டிக் கிடந்தா ஆளில்லாத வீடுன்னுல்ல நினைப்பாங்க? வெளிநாட்டுச் சபுராளி வீட்டுக்கு வர்றப்ப வெள்ளையடிச்சு, வாசலைச் செதுக்கி வைக்கிறது வழக்கந்தானே. நல்லதுதான் செஞ்சேன்."

நல்லது! நாகூர்ல இது எல்லா வீட்டுலயும் நடக்குறதுதான். வெளிநாட்டுல இருந்து ஆம்பளை வர்றான்னா வாசல்ல ஒரு புல்லு இருக்கக்கூடாது. அவன் நானா, அதாவது அண்ணன், என் வீட்டுக்காரர் ஜெக்கரியாவும் ஷார்ஜாவுல இருந்து போன்ல இதையேதான் சொல்லுவாங்க. "வாசலைச் சுத்தமா வச்சுக்க ஹபீபு. கேக்க ஆளில்லைன்னு எவனும் நினைச்சிடக் கூடாது."

"ஆளில்லாத வீடா? அப்ப இத்தனை வருஷமா இங்க சோறாக்கித் தின்னது யாரு, ஜின்னுப் பேயா? நான் ஆளாத் தெரியலையா உனக்கு?"

அவன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு, மம்பட்டிக்காரரையும் கூட்டிக்கிட்டு, காரை எடுத்துக்கிட்டுத் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போயிட்டான்.

எனக்குக் கை ஓடல, கால் ஓடல. சில வருஷத்துக்கு முன்னால எங்க போர் தண்ணி உப்பா மாறினதுல ரோசா கருகுச்சு, மல்லி கருகுச்சு. வெட்டாத்துக் கரையில நாணல் மட்டும் உப்பைக் குடிச்சுக்கிட்டே தளதளன்னு நின்னுச்சு. ஒரு தூரைப் பேத்துக் கொண்டாந்து நட்டேன். அது பிடிச்சதும் ஆசை விடல, ஒவ்வொரு புல்லாத் தேடித் தேடிக் கொண்டாந்தேன். காத்தடிச்சா வாசலே அசையும். ஆனா என் வீட்டுக்காரர்கிட்ட மூச்சு விடல. வீடியோ கால்னா வாசல் தெரியாம சுவத்தை ஒட்டி நின்னுதான் பேசுவேன். அவங்க லீவுக்கு வர்றது எப்பவும் கோடையில. அப்ப எல்லாத்தையும் அடியோட வெட்டி விட்டிருப்பேன், கண்ணுல படாது. நாணல் பூக்குறது ஆவணி, புரட்டாசியிலதான். இந்தத் தடவை அவங்க வேலையை முடிச்சுக்கிட்டு ஒரேயடியா வர்றாங்க, அதுவும் புரட்டாசியில. பூத்ததைப் பார்த்தா மனசு மாறும்னு ஒரு நப்பாசை. பிடிக்கலைன்னா? இனிமே தினமும் வீட்டுல இருக்கப் போற மனுஷன் 'எடுத்துடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, என் தோட்டம் அன்னிக்கோட சரி.

மீனைக் கழுவினேன். பாதியில போட்டுட்டு வாசலுக்கு வந்தேன். குப்பையில வேர் இருக்குற தூரா பார்த்துப் பொறுக்கி, வாளித் தண்ணியில வச்சேன். திரும்ப அடுப்படி. திரும்ப வாசல். மீன் கொழம்புக்கு உப்புப் போட்டேனான்னே ஞாபகம் இல்ல, இன்னொரு தடவை போட்டேன்.

கார் வந்துச்சு. அவங்க இறங்கினாங்க. இளைச்சிருந்தாங்க, முடி பாதி நரைச்சிருந்துச்சு. கேட்டைத் திறந்து, இடது பக்கம் பார்த்து முகமெல்லாம் சிரிப்பு. "மாஷா அல்லாஹ்! எவ்வளவு சுத்தமா வச்சிருக்கே!"

சலாஹுதீன் என்னைப் பார்த்தான். ஆமான்னு சொல்லியிருந்தா எல்லாம் சுமுகமாப் போயிருக்கும். என்னால முடியல.

"அது உங்க தம்பி செஞ்சது. நான் செஞ்சது வலது பக்கம் இருக்கு. அதைப் பார்த்துட்டு உள்ள வாங்க."

சொல்லிட்டேன்.

அவங்க பெட்டியைக் கீழ வச்சாங்க. நாணல்கிட்டப் போய் நின்னாங்க. பூ அவங்க தோளுக்கு மேல ஆடுச்சு.

"இது புல்லுதானே?"

"புல்லுதான். வாங்கினது இல்ல, தானா வந்ததும் இல்ல. நான் நட்டது. எடுக்கச் சொன்னா எடுக்க மாட்டேன்."

சலாஹுதீன் வாயைத் திறந்தான். அவங்க கையைக் காட்டி நிறுத்தினாங்க. ஒரு பூவை வளைச்சுத் தொட்டுப் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா கேட்டாங்க, "இதுல எனக்கு ஏதாவது வேலை இருக்கா ஹபீபு?"

"வேலையா?"ன்னேன் நான்.

"நாளைக்குக் காலையில எழுந்திரிச்சு என்ன பண்ணப் போறேன்னு பிளேன்ல வர்ற வழி பூரா அதே நினைப்பு. தூக்கமே வரல. இந்த வீட்டுல எது எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

கேக்கப் பாவமாத்தான் இருந்துச்சு. அதுக்காகக் கோபம் போயிடுமா? இடது பக்கம் மொட்டையாத்தானே கிடக்கு.

"நாளைக்கு என்ன நாளைக்கு? பேன்ட்டை மடிச்சு விடுங்க. வாளியில இருக்குற தூரெல்லாம் பொழுது சாயறதுக்குள்ள மண்ணுக்குப் போகணும்."

"நானா இப்பதானே வந்திருக்காங்க, சாப்பிடட்டும் மச்சி"ன்னான் சலாஹுதீன்.

அவங்க அதுக்குள்ள ஷூவைக் கழட்டிட்டாங்க. நான் கொடுத்த மம்பட்டியால முதல் குழியை வெட்டினாங்க. ஆழம் பத்தல. சொன்னேன். மறுபடி வெட்டினாங்க.