வலது கன்னத்துப் பொட்டு

பதினாறு மணி நேரம் இருந்தது. நாளைக் காலை ஆறு மணிக்குத் தேவியின் படம் மாலையோடு சுவரில் இருக்க வேண்டும். இப்போது மதியம் இரண்டு. ராசிபுரத்தில் படம் பிரிண்ட் போட்டுத் தருகிற கடையை எட்டரைக்குச் சாத்திவிடுவார்கள். என் லேப்டாப்போ, பக்கத்தில் ஒரு ஸ்கேனர் இருப்பதையே ஒப்புக்கொள்ளவில்லை.

தேவிப்பிரியா என் அக்கா. நான் பிறப்பதற்குப் பல வருடம் முன்பு, இரண்டரை வயதில் காய்ச்சலில் இறந்துபோனவள். அவளோடு பிறந்தவள் ஜெயப்பிரியா. இரட்டைப் பிள்ளைகள், ஒரே அச்சு. ஜெயா அக்காவுக்கு இப்போது முப்பத்தைந்து வயது, ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை உண்டானது ஐந்தாம் மாதத்தைத் தாண்டவில்லை. நாளைக்கு வளைகாப்பு.

எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்கு முன்னால், சின்ன வயதில் இறந்த பெண்ணுக்குப் புதுத்துணி வைத்துப் பூவாடை கும்பிடுவார்கள். தேவிக்கு இத்தனை காலமும் ஒரு செம்பையும் ஒரு பாவாடையையும் வைத்துக் கும்பிட்டு வந்தோம். படம் கிடையாது. தம்மம்பட்டியில் ஒரு பூசாரி, "மொகம் இல்லாம கும்புட்டா அவ எப்படி வந்து நிப்பா?" என்று கேட்டதிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது.

போன வாரம் வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது, அப்பாவின் தகரப் பெட்டியில் ஒரு ஸ்டுடியோ கவர் அகப்பட்டது. அப்பா இறந்து பத்து வருடம் ஆகிறது. கவருக்குள் ஒரே ஒரு கறுப்பு வெள்ளை நெகட்டிவ். ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால் வெள்ளை முடியும் கறுப்பு முகமுமாக ஒரு குழந்தை தெரிந்தது.

அம்மா அதைக் கையில் வாங்கவில்லை.

"தேவிதான். அன்னிக்கு ஜெயா தூங்கிப்போயிட்டா. ஒருத்திய மட்டும் எடுத்தாங்க," என்றாள். பிறகு, "இருந்த எடத்துலயே வெச்சிருங்க. இத்தன வருசம் இல்லாத படம் இப்ப எதுக்கு?"

"பொட்டப் பாத்துட்டுத்தாம்மா மாலை போடோணும்," என்றாள் அக்கா. "நீ மறந்து சொல்லி, அது நானா இருந்துட்டா? உசிரோட இருக்கறவ படத்துக்கு, அதுவும் வயித்துல புள்ளையோட..."



பொட்டு என்பது திருஷ்டிப் பொட்டு. இரண்டு பேரையும் பிரித்துச் சொல்ல அம்மா வைத்திருந்த ஒரே அடையாளம். ஜெயாவுக்கு இடது கன்னத்தில், தேவிக்கு வலது கன்னத்தில். ஒரு நாள் அத்தை பொட்டை மாற்றி வைத்து, ஒருத்திக்கே இரண்டு தடவை சோறு ஊட்டிய கதையைச் சொந்தக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

செல்போனில் நெகட்டிவைப் படமெடுத்துக் கறுப்பை வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். முகம் சாம்பல் கறையாக வந்தது. நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போடும் வேலையை விட்டே வருடக்கணக்காகிறது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். என்னோடு பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த பிரீத்தியின் அண்ணன் மல்லசமுத்திரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அங்கே சும்மா கிடந்த ஃபிலிம் ஸ்கேனரைக் கேட்டு வாங்கி வந்தேன். அதைக் கேட்கவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. இன்று அவருக்குப் போன் செய்யலாமா என்று நினைத்தேன். எண்ணை எடுத்தேன். வைத்துவிட்டேன். "ஸ்கேனருக்கு டிரைவர் சாஃப்ட்வேர் கிடைக்குமா அண்ணா" என்று ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

பழைய டிரைவர் ஒன்றைத் தேடி இறக்கினேன். ஏற்கவில்லை. இன்னொன்று. அதற்குள் ஒரு முறை கரண்டு போனது. மூன்றாவதை ஏற்றிய பிறகு ஸ்கேனரின் விளக்கு எரிந்தது. அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதலில் வந்த படம் முழுக் கறுப்பு. காகிதத்தை ஸ்கேன் செய்யும் அமைப்பிலேயே மென்பொருள் இருந்தது. ஃபிலிம் என்று மாற்றினேன். அடுத்து ஒரு முகம் வந்தது. ஆனால் தண்ணீரில் விழுந்த நிழல் போல, கண்ணும் வாயும் பல்பல்லாக நெளிந்திருந்தன. ரெசல்யூஷனைக் குறைத்தேன், கூட்டினேன். நெளிசல் போகவில்லை. லென்ஸ் கெட்டிருந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

"போச்சா?" என்றாள் அக்கா.

மேசையில் இருந்த தண்ணீர்ச் சொம்புக்குக் கை நீட்டினேன். தண்ணீரின் மேல் சின்னச் சின்ன வட்டங்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆறு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் என்பதால் அது காதில் விழுவதே இல்லை.

"தறி அதிர்ச்சியில ஸ்கேனர் ஆடுது. தறிய நிறுத்தணும்க்கா," என்றேன்.

அப்பாவுக்குப் பிறகு தறிகளைப் பார்த்துக்கொள்வது அக்காவின் கணவர் காளிதாஸ் மாமா. அவர் கையைத் துடைத்தபடி வந்து ஸ்கேனரைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏம் பாப்பா, இதுக்கு எண்ணெய் கிண்ணெய் உடோணுமா?"

"ஏனுங்க, வெளையாடாதீங்க. தறிய நிறுத்துங்க," என்றாள் அக்கா.

"உங்கொக்கா நான் பேசறத நிறுத்தச் சொல்லுவா. இன்னிக்குத்தான் தறிய நிறுத்தச் சொல்றா," என்று அவர் என்னிடம் சொன்னார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் முகமும் மாறியது.

சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். "எதுக்குங்க மாப்ள நிறுத்தறீங்க? பாவு நூலு பாதியில நிக்குது. வாராத படத்தப் புடிச்சு எதுக்கு இழுத்துக்கிட்டு?"

"சித்த நேரந்தானுங்க அத்த," என்று மாமா போய் நிறுத்தினார்.

வீடு அமைதியாயிற்று. மறுபடி ஸ்கேன் செய்தேன். முகத்தின் கோடுகள் நேராக நின்றன. இரண்டு பெரிய கண்கள், சட்டையின் சுருக்கு. ஆனால் கன்னங்கள் மெழுகில் செய்தவை போல இருந்தன. இரண்டிலும் பொட்டு இல்லை.

"எங்க பொட்டு?" என்றாள் அக்கா.

கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினேன். வெளிச்சத்தைக் குறைத்தேன். இரண்டு மடங்கு ரெசல்யூஷன் வைத்தேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஏழெட்டு நிமிடம் ஆனது. பொட்டு வரவில்லை.

"அன்னிக்கு வெக்கலையோ என்னமோ. விட்ருங்க சாமி," என்றாள் அம்மா.

"பொட்டு வெக்காம நீ எங்களத் தூக்கிட்டு வாசலத் தாண்டுனதே இல்லைன்னு நீதானம்மா சொல்லுவ?"

அக்கா வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல் அழுதாள். மணி ஆறு ஆகியிருந்தது. சொந்தக்காரர்கள் இருட்டுவதற்குள் வந்துவிடுவார்கள். நெகட்டிவை எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பான முகத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி இருப்பது போலத் தோன்றியது. அப்படியானால் ஃபிலிமில் பொட்டு இருக்கிறது. எங்கோ இந்த மென்பொருள்தான் அதை அழிக்கிறது.

அமைப்புகளை மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன். தூசி நீக்கம், அகச்சிவப்பு. அதில் டிக் இருந்தது.

கலர் ஃபிலிமில் படமாக இருப்பது சாயம். அகச்சிவப்புக் கதிர் அதற்குள் புகுந்து போய்விடும். தூசி மட்டும் மறிக்கும். மறித்த இடத்தைத் தூசி என்று எடுத்துக்கொண்டு, மென்பொருள் அக்கம்பக்கத்தை வைத்துப் பூசிவிடும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமாக இருப்பது வெள்ளி. வெள்ளியும் கதிரை மறிக்கும். முழுக் கன்னத்தையுமே தூசி என்று நினைத்து இது பூசிக்கொண்டிருந்தது. நான்கு மணி நேரமாக அது எனக்குத் தோன்றவில்லை.

டிக்கை எடுத்தேன். படம் மேலிருந்து கீழாக வந்தது. நெற்றி, கண், மூக்கு. கன்னத்தில் மிளகு அளவுக்குக் கறுப்புப் பொட்டு.

குழந்தையின் இடது கன்னத்தில்.

அக்கா தன் இடது கன்னத்தைத் தொட்டாள். "நான்," என்றாள். "இது நான். நாளைக்கு எனக்கே மாலை போட்டிருப்பேன்." எழுந்தவள் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தாள். மாமா ஓடிவந்து தாங்கினார். என்னைப் பார்த்து, "அத அழிச்சுப் போடு பாப்பா," என்றார்.

என் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது. அப்போது படத்தின் ஓரத்தில் ஃபிலிம் கம்பெனியின் எழுத்துகள் தெரிந்தன. படிக்க முடியவில்லை. கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி இருந்தன.

"அக்கா, இரு. நெகட்டிவப் பொரட்டி வெச்சுட்டேன். பக்கம் மாறிப்போச்சு." என் குரல் எனக்கே புதிதாக, சத்தமாக இருந்தது.

மங்கலான பக்கமும் பளபளப்பான பக்கமும் இடம் மாறும்படி நெகட்டிவைப் புரட்டி வைத்தேன். இன்னும் ஏழு நிமிடம் ஆனது. ஓரத்து எழுத்துகள் நேராக வந்தன. பொட்டு வலது கன்னத்தில் வந்தது.

"எழுத்து நேரா இருந்தா படமும் நேர்தான்," என்றேன். "இது தேவி. சந்தேகமே இல்லை."

அக்கா திரையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விரலால் அந்தக் கன்னத்தைத் தடவினாள். "வந்துட்டியாடி," என்றாள். இப்போது அழுதது வேறு அழுகை. மாமா படத்தை ஏற்றிய பென் டிரைவை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "எட்டு மணிக்குள்ள வாரேன்," என்று பைக் சாவியை எடுத்தார்.

அம்மா கதவை மறித்து நின்றாள்.

"போவாதீங்க மாப்ள."

"ஏனுங்கத்த? தேவிதான்னு பாப்பா ருசுப்படுத்திட்டாளே."

"படம் வேண்டாம்ங்க. செம்பே போதும். மாலை போடாதீங்க."

"அம்மா, உனக்கு என்னதான் வேணும்?" என்றாள் அக்கா.

அம்மா கதவில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். தறிச் சத்தம் இல்லாததால் அவள் மெதுவாகச் சொன்னதும் எல்லோருக்கும் கேட்டது.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் காய்ச்ச. சேலத்து ஆஸ்பத்திரியில ஒரே கட்டில்ல படுக்க வெச்சிருந்தேன். ராத்திரி பூரா ஈரத்துணியில மொகத்தத் தொடச்சுத் தொடச்சு, ரெண்டு பொட்டும் போயிருச்சு. விடியறப்ப ஒருத்திக்கு மூச்சு நின்னுபோச்சு. பேரென்னன்னு கேட்டாங்க. உங்கப்பன் என் மொகத்தப் பாத்துக்கிட்டு நின்னாரு. எதாச்சும் ஒரு பேரு சொல்லோணும். தேவின்னு சொல்லிட்டேன்."

"தெரிஞ்சுதானம்மா சொன்ன?" என்றாள் அக்கா.

அம்மா திரையைப் பார்த்தாள். அப்புறம் அக்காவைப் பார்த்தாள்.

"படத்துல இருக்கறது தேவிதான் சாமி. செத்தது தேவியான்னு எனக்குத் தெரியாது."