எட்டுப் போட்டவள்

தி.நகரில் பெல்ட் கடை வைத்திருந்த வலியுல்லாவுக்கு உலகத்தில் தெரியாத விஷயமே கிடையாது, தன் லைசென்ஸ் காலாவதியான தேதியைத் தவிர. அது முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டதாம். சிக்னலில் மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. மறுபடியும் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும் என்று ஆபீசில் சொன்னார்கள். ‘மறுபடியும்’ என்பதுதான் வேடிக்கை. அந்தக் காலத்தில் இவருக்கு எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தவர் ஒரு புரோக்கர்.

அதே நாளில் அவர் மனைவி ஹாஜிரா பீக்கும் டெஸ்ட். வீட்டில் தைத்த ஜாக்கெட்டுகளை அடையாறு வரை தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. இவரைக் கூப்பிட்டால்தான் கடையில் திடீரென்று கூட்டம் வந்துவிடுமே! ஐம்பத்திரண்டு வயதில், கொட்டிவாக்கத்துக் காலி மனையில், மூன்று மாதம் விழுந்து எழுந்து ஸ்கூட்டர் பழகினாள். இரண்டு முறை டெஸ்ட்டில் காலை ஊன்றித் தோற்றும் இருந்தாள்.

“இந்த வயசுல இன்னாத்துக்கு ரோட்டக் கெடுக்கிற?” இதுதான் வலியுல்லா தினமும் கொடுத்த ஊக்கம். அவரையும் கூடவே வந்து எட்டுப் போட்டுப் பழகச் சொன்னாள். “முப்பது வருசமா ஓட்டிக்கினு கீறேன், எனக்கே பாடமா?” என்றார்.

மைதானத்தில் முதலில் இவரைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை மாதிரி போனவர், முதல் வளைவிலேயே இரண்டு காலையும் ஊன்றிவிட்டார்.

“தரை சரியில்ல சார்.”

இன்ஸ்பெக்டர் தரையைப் பார்க்கவில்லை. பேப்பரில் ஒரு கோடு போட்டார்.

அதே தரையில் ஹாஜிரா பீ கிளம்பினாள். அவள் விழ வேண்டும் என்று வலியுல்லா நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் வெட்கமாக இருந்தது, ஆனாலும் நினைத்தார். நடுவில் வண்டி ஆடியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டை முடித்தாள்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் அவளே அவரைக் கடையில் கொண்டுபோய் விட்டாள். பக்கத்துக் கடை ஷரீஃப் ஓடி வந்தான்.

“இன்னா பாய், பின்னால குந்திக்கினு வர்றே?”

“நாந்தான்பா கத்துக் குட்த்தேன். எப்டி ஓட்டுதுன்னு பாத்துக்கினு வர்றேன்.”

ஹாஜிரா பீ வண்டியை அணைத்துவிட்டு இறங்கினாள். சாவியை நீட்டினாள்.

“அப்ப வாத்தியாரே ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டட்டும்.”

முனையில் டிராஃபிக் போலீஸ் நின்றிருந்தார். வலியுல்லா சாவியைத் தொடவில்லை.

“அதுவாதான் கத்துக்கிச்சு,” என்று முணுமுணுத்தார்.

“சத்தமா சொல்லுங்க,” என்றாள் ஹாஜிரா பீ. “ஷரீஃப் பாய்க்குக் கேக்கல.”