பூந்தியின் உடைந்த கால்

சாய்ந்தமருதில் கடற்கரையை ஒட்டிய ஒழுங்கையொன்றில் றுஸ்தா டீச்சரின் வீடு. அன்று காலை பாடசாலைக்குப் பிந்திவிட்ட அவசரத்தில் ஸ்கூட்டியைக் கேற்றுக்கு வெளியே எடுத்தபோது, பின்சில்லு எதன் மீதோ ஏறி இறங்கியது. சின்னதாக ஒரு கத்தல். கண்ணாடியில் பார்த்தாள். மகளின் பூனை பூந்தி, பின்காலை இழுத்துக்கொண்டு மதிலோரம் ஊர்ந்து போனது. நேரம் ஏழு இருபது. இன்னும் பத்து நிமிடத்தில் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுந்துவிடும். அவள் நிற்கவில்லை.

இரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது, பத்து வயது மின்ஹா பூனையைத் துவாயில் கிடத்தி அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில், றுஸ்தா அண்ணன் முறையில் 'காக்கா' என்றழைக்கும் மீன்காரர் மக்கீன், தொப்பியைக் கையில் கசக்கியபடி குந்தியிருந்தார்.

"மக்கீன் மாமாட பைக்தான் பூந்திய அடிச்ச, உம்மா. மீன்தலைக்கு ஒவ்வொரு நாளும் அவருக்குப் பின்னால ஓடுறதானே," என்றாள் மின்ஹா.

"காலத்தால இந்த வளைவுல பைக்கத் திருப்பக்குள்ள சில்லுல என்னமோ தட்டுப்பட்டிச்சி டீச்சர்," என்றார் மக்கீன். "கல்லெண்டு நினச்சிட்டன். திரும்பிப் பாக்கல்ல."

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். மகளின் வீங்கிய கண்களைப் பார்த்ததும் றுஸ்தாவுக்கு வாய் வரவில்லை. "முதல்ல டொக்டரிட்ட கொண்டு போவம்," என்று மட்டும் சொன்னாள்.

பாண்டிருப்பில் மிருக வைத்தியர் சுஜிந்தன் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பின்காலின் நீள எலும்பு இரண்டாக முறிந்து, ஒரு துண்டின் மேல் மற்றது ஏறிக் கிடந்தது.

"எப்பிடி நடந்தது?"

"என்ட பைக்தான் டொக்டர்," என்றார் மக்கீன்.

றுஸ்தா தரையைப் பார்த்தாள்.

"கட்டுப் போட்டுச் சரிவராது. எலும்புக்குள்ள கம்பி ஏத்தி, வயரால சுத்தி இறுக்கோணும். பிறகு ஆறு கிழமை கூட்டுக்குள்ளதான், பாய விடக் கூடாது." பூனைக்கு நோவூசி போட்டுவிட்டு அவர் சொன்னார்: "காலையிலயே கொண்டு வந்திருக்கலாம். பாவம், ஏழு மணித்தியாலம் நோவோட கிடந்திருக்கு."

மறுநாள் சத்திரசிகிச்சை. ஒன்றரை மணித்தியாலமும் மக்கீன் வெளி வாங்கில் உட்கார்ந்து உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தார். பூந்தி மயக்கம் தெளிந்து தலையைத் தூக்கியபோது "அல்ஹம்துலில்லாஹ்" என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

தன் கோழிக்கூட்டைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு நாளும் அவித்த கீரிமீனை முள் எடுத்துக் கொடுத்தார். ஒழுங்கைக்குள் பைக்கை ஓட்டுவதை விட்டு, எஞ்சினை நிறுத்தி மீன்பெட்டியோடு தள்ளிக்கொண்டு வந்தார். மின்ஹா அவரோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. றுஸ்தா இரவில் சோற்றைப் பிசைந்துவிட்டு உண்ணாமல் எழுந்தாள். நாளைக்குச் சொல்லுவம் என்று நாலு கிழமை போனது.

ஒரு காலை, மீன் பொதியை நீட்டியபடி மக்கீன் சொன்னார்: "புள்ள இன்னும் என்ட முகத்தப் பாக்கிறல்ல டீச்சர். தொழுகையில நிண்டாலும் அந்தச் சில்லுச் சத்தம்தான் காதுல."

றுஸ்தா பொதியை வாங்கவில்லை. "காக்கா, அது நீங்க இல்ல. நான். கண்ணாடியில பாத்தன். பாத்துட்டும் போனன்."

அவர் நீட்டிய கையைத் தாழ்த்தினார்.

"டொக்டர் கேக்கக்குள்ள நீங்க பக்கத்துலதானே நிண்டீங்க?"

"ஓம்."

"ஒரு மாசம், டீச்சர்."

பொதியை மதில்மேல் வைத்துவிட்டுப் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனார். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட மின்ஹா, தாயைத் தாண்டி வெறுங்காலோடு அவருக்குப் பின்னால் ஓடினாள். என்ன சொன்னாள் என்று றுஸ்தாவுக்குக் கேட்கவில்லை. மக்கீன் பிள்ளையின் தலையில் கை வைப்பதும், சாரன் நுனியால் கண்ணைத் துடைப்பதும் தெரிந்தது.

ஆறாம் கிழமை எக்ஸ்ரேயில் எலும்பு பொருந்தியிருந்தது. பூந்தி லேசாக நொண்டியபடி மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தது.

"நல்லாப் பராமரிச்சிருக்கீங்க டீச்சர்," என்றார் சுஜிந்தன்.

"பராமரிச்சது மக்கீன் காக்கா, டொக்டர். கால உடைச்சது நான். அண்டைக்குச் சொல்லல்ல."

வைத்தியர் துண்டுச் சீட்டில் அடுத்த திகதியை எழுதினார்.

மக்கீன் இப்போதும் ஒழுங்கைக்கு வருகிறார். மின்ஹாவோடு நின்று சிரித்துக் கதைக்கிறார். றுஸ்தா வந்தால் மீனை நிறுத்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். இரண்டு தரம் அவள் மன்னிப்புக் கேட்டாள். "நான் மாப் செஞ்சிட்டன் டீச்சர்," என்றார் இரண்டு தரமும். அதில் பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் முன்புபோல அவர் அவளிடம் பிள்ளைகுட்டிகளைப் பற்றிக் கதைப்பதில்லை. அதைக் கேட்டு வாங்க அவளுக்கும் வாய் வரவில்லை.