நிழலுக்கு எந்த ழ

என் கணவர் கடைசியாகக் கேட்டது, "மாடியில துணி காஞ்சிருச்சா?" என்பதுதான். "நீங்களே போய்ப் பாருங்களேன்" என்றேன். போனார், எடுத்து வந்தார், மடித்தும் வைத்தார். அப்புறம் வேலைக்குக் கிளம்பியவரை வழியிலேயே நெஞ்சுவலி கொண்டுபோய்விட்டது.

கோப்புகளுக்கு நகல் எடுத்துவைக்க அவர் 'நிழல்' என்றொரு சிறு மென்பொருள் எழுதியிருந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டுவைத்தார். ஏழு மாதம் கழித்து, நான் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் புது சர்வர் வந்தது. நோயாளிகளின் பதிவுகளை நகலெடுக்க நிழலையே போடலாம் என்று நான்தான் சொன்னேன்.

என்னோடு வேலை பார்ப்பவளுக்கு நாங்கள் வைத்த பெயர் வாயாடி. "கிடைச்சிருச்சுக்கா. போன வாரம்தான் புது வெர்ஷன் வந்திருக்கு. இன்ஸ்டால் பண்ணிரவா?" என்றாள்.

ஆள் போய் ஏழு மாதம். போன வாரம் போட்டது யார்?

"கை வைக்காதே! பேரை எப்படி அடிச்சே?"

"என், ஐ, எல், ஏ, எல்."

"அது நிலல்டி. ழவுக்கு இசட், எச் போடணும்."

"வாயிலயே வராதது விரல்ல எப்படிக்கா வரும்?"

உள்ளே திறந்து படித்தோம். எல்லாம் அவர் எழுதிய வரிகள்தான். நடுவில் மட்டும் பதினோரு வரி புதிது. நிறுவும்போதே கணினியிலுள்ள கடவுச்சொற்களை எங்கோ அனுப்பிவிடும் வரிகள். ழவில் தடுக்கி விழுகிறவர்களுக்கென்றே யாரோ விரித்த வலை. அதைப் போட்டிருந்த இணையதளத்துக்கு உடனே புகார் அனுப்பினோம்.

சரியான எழுத்தில் தேடினேன். அதிலும் ஒரு புது வெர்ஷன் இருந்தது. அவர் இருந்தபோதே நிழலைப் பராமரிக்கும் பொறுப்பில் சேர்த்துக்கொண்ட, நாங்கள் முகம் பார்த்திராத ஒரு நண்பர் போட்டது. இதிலும் கோளாறு என்றால், என் வீட்டுக்காரர் எழுதியதை நானே வேண்டாமென்று தள்ள வேண்டும்.

"தெரிஞ்சவருதானேக்கா?"

"தெரிஞ்சவரா இருந்தாலும் படிச்சுட்டுத்தான்."

இரண்டு நாள் வரி வரியாகப் படித்தோம். இணைப்பைப் பிடுங்கிய பழைய கணினியில் ஓட்டிப் பார்த்தோம். நீளமான பெயருள்ள கோப்புகள் விடுபட்டுக்கொண்டிருந்ததை அந்த நண்பர் சரிசெய்திருந்தார். வேறொன்றும் இல்லை.

"போடு" என்றேன். எழுத்துக்கூட்டி அடித்தாள்.

மறுநாள் காலை ஒரு பதிவு விடாமல் நகலாகியிருந்தது. நிழலைத் திறந்தால், எழுதியவர் என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது, இனிஷியலோடு.