பவுலின் சொன்ன கிளைமாக்ஸ்

மர்பி டவுனில் யார் வீட்டு ஏசி மக்கர் செய்தாலும் ஓஸ்வால்டைத்தான் கூப்பிடுவார்கள். அதில் அவருக்குப் பெருமை கிடையாது. ஓசூர் ரோட்டில் ஒரு பெரிய அலுவலகத்தின் அறுபது ஏசிகளைக் கட்டி மேய்ப்பதுதான் அவர் வேலை. வேலையில் பெருமைப்பட என்ன இருக்கிறது? அவர் பெருமையெல்லாம் வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால், போனில் தட்டி அனுப்பும் ஒரு செய்தியில் இருந்தது.

'சனிக்கிழமை சினிமா' என்ற வாட்ஸாப் குழுவில் முப்பத்துநாலு பேர். எல்லோரும் அன்பியத்து ஆட்கள். அதாவது, மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லி, ஜெபத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் சமோசா சாப்பிடும் தெருக்காரர்கள். அவர்களுக்கு ஓஸ்வால்ட் வாரம் ஒரு படம் சொல்வார். ஊரே கொண்டாடிய படத்தைச் சொல்ல அவர் எதற்கு? வீட்டு டிவிக்குள்ளேயே கிடந்தும் யார் கண்ணிலும் படாத வெளிநாட்டுப் படமாகத் தேடிப் பிடிப்பார். துனீசியாவில் ஒரு தையல்காரி கோர்ட்டுக்கு அலையும் படம். மங்கோலியாவில் ஒரு லாரி பஞ்சராகி நிற்கும் படம். அந்த லாரி கடைசிவரை நின்றுகொண்டேதான் இருந்தது. இருந்தாலும் பத்தொன்பது பேர் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கைதட்டும் பொம்மை அனுப்பினார்கள்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம். முழுசாகப் பார்க்காத படத்தைச் சொல்லமாட்டார். ஒரு நோட்டில் பெயர்களை எழுதிவைத்து, பார்த்து முடித்ததும் பக்கத்தில் டிக் போடுவார். டிக் இல்லாத படம் குழுவுக்குப் போகாது.

அவருக்கு ஒரே ஒரு மனக்குறையும் உண்டு. அது பவுலின்.

பவுலின் அவருடைய மனைவி. சிவாஜிநகர் பக்கம் ஒரு பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் அவர் போட்ட ஒரு படத்தைக்கூட அவள் முழுசாகப் பார்த்ததில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்து, ஒன்பதரைக்கு அவர் ரிமோட்டை எடுத்து, "பவுலின், வா, ஆரம்பிக்கப் போறேன்" என்று குரல் கொடுப்பார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். இருபதாவது நிமிஷம் தலை ஒரு பக்கம் சாயும். படம் முடிந்ததும் அவருக்கு யாரிடமாவது பேசியே ஆகவேண்டும் போலிருக்கும். பக்கத்தில் மெல்லிய குறட்டைதான் பதில் சொல்லும். முப்பத்துநாலு பேர் கைதட்டி என்ன பிரயோஜனம், கட்டியவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவர் உள்ளுக்குள் வெந்துபோவார்.

இந்த வருஷமும் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தது. ஒவ்வொரு தவக்காலத்திலும் ஓஸ்வால்ட் விட்டுக்கொடுக்கும் ஒறுத்தல் சினிமாதான். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்ட கையோடு, ஈஸ்டர்வரை படம் பார்ப்பதில்லை என்று அன்பியத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவார். குழுவுக்கும் அத்தனை நாள் லீவு. ஞாயிற்றுக்கிழமை தவக்காலக் கணக்கில் சேராது என்று தெருமுனை வீட்டு ஆஷ்லி சட்டம் பேசிப் பார்த்தாள். அவர் அசையவில்லை.

ஆஷ்லிக்கு இருபத்தாறு வயது, சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. குழு சும்மா கிடப்பதைப் பார்த்துவிட்டு, அந்த வெள்ளிக்கிழமை அவளே ஒரு கொரியப் படத்தைச் சொல்லிவிட்டாள். முதல் பத்து நிமிஷத்திலேயே நாலு தலை உருண்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு பிரிஸில்லா, டியூட்டி முடிந்து வந்த நர்ஸ் உடுப்போடு ஓஸ்வால்ட் வீட்டு வாசலில் நின்றாள்.

"அண்ணே, அந்தப் படத்தப் பாத்ததுலேருந்து எங்க மாமியாருக்கு சோறு எறங்கல. ஸ்வல்ப மனசு வெச்சு நீங்களே ஒரு படம் சொல்லுங்கண்ணே."

"தவக்காலம் பிரிஸில்லா. நான் படம் பாக்கறதில்ல."

"நீங்க பாக்க வேணாம். சொன்னா போதும். உங்க படம் இல்லாம ஒரே பேஜாரா இருக்கு."

பேஜாராக இருக்கிறது என்ற ஒரு வார்த்தையில் மனிதர் குளிர்ந்துபோனார். அந்தப் பெண் ஆஷ்லி தன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்ட கடுப்பு வேறு. நோட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் டிக் இல்லாமல் ஒரு பெயர் இருந்தது. 'பன்னிரண்டு பேர் மட்டும்.' எஸ்தோனியப் படம். எங்கோ நாலு வரி படித்துவிட்டு, ஈஸ்டருக்குப் பிறகு பார்க்கலாம் என்று எழுதிவைத்தது. சட்டம் போட்டவரே சட்டத்தை மீறினார். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு, 'ஒரு தீவு, ஒரு படகு, ஒரு புருஷன் பெண்டாட்டி. தவறவிடாதீர்கள்' என்று தட்டி அனுப்பிவிட்டு, எலுமிச்சம்பழச் சோற்றைத் திறந்தார்.

சனிக்கிழமை மதியம் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பிரிஸில்லா வீட்டில் கூடினார்கள். அவள் வீட்டு டிவி பெரியது. அரைநாள் பள்ளி முடிந்து வந்த பவுலினையும் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். ஆறு மணிக்குத் திரும்பி வந்தவள் முகத்தைப் பார்த்து ஓஸ்வால்ட் எழுந்தே நின்றுவிட்டார். கண் பளபளவென்று இருந்தது.

"ஏங்க, என்னா படங்க அது!" என்றாள் பவுலின்.

இருபத்துமூன்று வருஷமாக இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தானே அவர் காத்திருந்தார்! வந்தேவிட்டது. அதுவும் அவர் பார்க்காத ஒரே படத்துக்கு வந்திருக்கிறது. பார்க்கவில்லை என்று சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுபோகும். பார்த்தேன் என்றால் பொய். தவக்காலத்தில் பொய். ஓஸ்வால்ட் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீ சொல்லு. உனக்கு எப்டி புரிஞ்சுதுன்னு கேக்கறேன்."

பவுலின் முறத்தில் முருங்கைக்கீரையைக் கொட்டிக்கொண்டு, உருவியபடியே கதையைத் தொடங்கினாள்.

ஆர்வோ என்று ஒருத்தன் தீவுக்கும் கரைக்கும் படகு விடுகிறான். பன்னிரண்டு பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று பலகை. அவன் பெண்டாட்டி லைனே கரையில் நின்று கயிறு கட்டுவாள், மீன் அவிப்பாள், பாத்திரம் கழுவுவாள். திடீரென்று அரசாங்கம் பாலம் கட்டிவிடுகிறது. படகில் ஏற ஆளில்லை. லைனே பாலத்தின் டோல் கூண்டில் வேலைக்குப் போகிறாள். அவன் வெறும் படகை ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

"அப்புறம்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு, "அதாவது, அப்புறம் உனக்கு எது புடிச்சுது?" என்று சமாளித்தார்.

பவுலின் கீரையை உருவுவதைச் சற்று நிறுத்தினாள். அவர் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, முன்னைவிட நிதானமாகச் சொன்னாள்.

"ஒருநாள் பயங்கரப் புயலுங்க. பாலத்த மூடிட்டாங்க. ஜனமெல்லாம் கரையில வந்து நிக்குது. அவன் பதினோரு பேர ஏத்திட்டான். பன்னெண்டாவது ஆளுக்காக நிக்கறான்." மறுபடியும் அவர் முகத்தைப் பார்த்தாள். ஓஸ்வால்ட் தெரிந்ததுபோலத் தலையாட்டினார். அவள் குரல் தைரியமாயிற்று. "பாத்தா, டோல் கூண்டுலேருந்து பொண்டாட்டிக்காரி வர்றா. டிக்கெட் குடுன்றா. உனக்கு எதுக்கு டிக்கெட்டுன்றான் அவன். அதுக்கு அவ சொல்றா, 'குடு. இத்தன வருஷத்துல உன் படகுல நான் ஏறினதே இல்ல. நீ கூப்ட்ட நேரமெல்லாம் நான் பாத்திரம் கழுவிட்டு இருந்தேன்.'"

"அடடா!" ஓஸ்வால்ட் தொடையில் தட்டினார். "என்னா டயலாக்! எழுதினவன் பெரிய ஆளுதான்."

"ஆமாங்க" என்றாள் பவுலின். "அப்புறம் படகுல எல்லாரும் கருவாட்டுக் குழம்பு சாப்டறாங்க."

"கருவாட்டுக் குழம்பா?"

"அவங்க ஊர்ல அதுக்கு வேற பேரு."

ஓஸ்வால்ட் அதற்கும் தலையாட்டினார்.

அடுத்த நாலைந்து வாரம் அவர் வீட்டில் நடந்ததை அவராலேயே நம்ப முடியவில்லை. தோசை சுடும்போது, துணி மடிக்கும்போது, கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து வீடு திரும்பும்போது என்று பவுலின் அந்தப் படத்தைப் பேசிக்கொண்டே இருந்தாள். லைனே டோலில் என்ன சம்பளம் வாங்கியிருப்பாள், ஆர்வோவுக்குச் சமைக்கத் தெரியுமா என்றெல்லாம் கேட்டாள். ஓஸ்வால்ட் சந்தோஷத்தில் மிதந்தார். கூடவே பயத்திலும் செத்தார். குழுவில் யாராவது படத்தைப் பற்றிப் பேச வந்தால், ஏசி கேஸ் லீக் ஆகிறது என்று நழுவினார். விஷயம் வெளியே வந்தால் முப்பத்துநாலு பேர் சிரிப்பார்கள், அது பரவாயில்லை. பவுலின் பேசுவதை நிறுத்திவிட்டால் என்ன செய்வது?

ஈஸ்டர் வந்தது. பிரியாணியும் ரோஸ் குக்கீஸுமாக ஞாயிற்றுக்கிழமை போனது. திங்கட்கிழமை காலை, பவுலின் சந்தாபுராவில் இருக்கும் அக்கா அல்போன்சாவைப் பார்க்கப் பஸ் ஏறினாள். ஓஸ்வால்ட் லீவு போட்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு, செய்த தப்பைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று டிவி முன்னால் உட்கார்ந்தார்.

ஆர்வோ வந்தான். லைனே வந்தாள். பாலம் வந்தது. எல்லாம் பவுலின் சொன்னபடியேதான். ஓஸ்வால்ட் நாற்காலி நுனிக்கு நகர்ந்து புயலுக்காகக் காத்திருந்தார்.

புயல் வரவில்லை. ஆர்வோ படகை விற்றான். அதை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு, பாலத்தின் மேல் ஓட்டிப் போனான். டோல் கூண்டில் நிறுத்தினான். உள்ளே லைனே. அவன் காசை நீட்டினான், அவள் ரசீதை நீட்டினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கம்பம் மேலே போனது. லாரி நகர்ந்தது. படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

பன்னிரண்டாவது ஆள் எங்கே? டிக்கெட் எங்கே? ஓஸ்வால்ட் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினார், முன்னால் ஓட்டினார். கருவாட்டுக் குழம்பும் இல்லை. வெறும் படகு ஓடிய இடத்தோடு பவுலினுக்குக் கண் சொருகிவிட்டது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முதலில் சிரிப்புதான் வந்தது. அவர் பார்க்காமல் சொன்னார், அவள் பார்க்காமல் கதை அளந்தாள். நல்ல ஜோடி!

பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. நீ கூப்பிட்ட நேரமெல்லாம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்தேன். எஸ்தோனியாவில் அந்த வசனத்தை யாரும் எழுதவில்லை. அதை எழுதினவள் காலையில் நாலே முக்காலுக்கு எழுந்து, சமைத்து, இரண்டு பஸ் மாறி, நாற்பத்தெட்டுப் பிள்ளைகளிடம் கத்தி, திரும்பி வந்து மறுபடி சமைத்து, அவர் ஒன்பதரைக்குக் கூப்பிட்டதும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள். அவள் தூங்கியது படத்தின் குற்றமும் இல்லை, அவள் குற்றமும் இல்லை. ஓஸ்வால்டுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. தனியாக இருந்ததால் கொஞ்சம் அழுதுகொண்டார்.

பிறகு எழுந்து சமையலறைக்குப் போனார். ஈஸ்டர் பிரியாணி தேக்சா அடிப்பிடித்து ஊறிக் கிடந்தது.

நாலு மணிக்குப் பவுலின் வந்தாள். தண்ணீர் குடிக்கப் போனவள் சமையலறை வாசலிலேயே நின்றாள். தேக்சா பளபளவென்று கவிழ்ந்திருந்தது. அடுப்பு மேடை துடைத்திருந்தது.

"யாருங்க வந்தாங்க?"

"யாரும் வரல. நான்தான். பவுலின், வந்து உக்காரு. படம் போடறேன்."

"இந்நேரத்துக்கா? என்னா படம்?"

"பன்னிரண்டு பேர் மட்டும்."

பவுலினின் முகம் மாறியது. முந்தானையை விரலில் சுற்றினாள். "அதான் நீங்க முன்னயே பாத்துட்டீங்களே?"

"இல்ல. இன்னைக்கிதான் பாத்தேன்."

அவளுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப நான் புயல்னு சொன்னப்ப தலைய ஆட்டினீங்க?"

"ஆட்டினேன்."

"நீங்க ஆட்டவும் நெஜமாவே புயல்தான் போலன்னு நெனச்சுட்டேங்க!" என்று சிரித்தவள், சிரிப்பினூடே சொன்னாள். "முழிச்சுப் பாத்தா எல்லாரும் அழுதுட்டு இருக்காங்க. படம் சொல்றவரு பொண்டாட்டியே தூங்கிட்டான்னா உங்க மானம் என்னாவறது? அதான் நானும் கண்ணத் தொடச்சுக்கிட்டேன். அப்புறம் நீங்க உக்காந்து கேட்டீங்க பாருங்க, அப்டி கேட்டதே இல்ல நீங்க. சொல்லிட்டே போயிட்டேன்."

ஓஸ்வால்ட் சோபாவில் தன் பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார்.

பவுலின் உட்காரவில்லை. உள்ளங்கையை நீட்டினாள். "டிக்கெட் குடுங்க."

அவர் நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, 'ஒரு ஆள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் அதை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படம் முடியும்வரை அவள் கண் மூடவே இல்லை. லாரி நகர்ந்து கம்பம் இறங்கியதும், மூக்கை உறிஞ்சிக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

"நல்லாதான் எடுத்திருக்கான். ஆனா என்னோடதுதான் நல்லா இருக்கு."

அந்த வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குக் குழுவுக்குச் செய்தி போனது. 'பன்னிரண்டு பேர் மட்டும் படத்தை நான் பார்க்காமல் சொன்னேன். மன்னிக்கவும். இப்போது பார்த்தாயிற்று, நல்ல படம். அதைவிட நல்ல முடிவு பவுலினிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் நேரில் வந்து கேட்டுக்கொள்ளலாம். இந்த வாரப் படம் செனகல் நாட்டுப் படம், முழுசாகப் பார்த்தது. இனிமேல் படம் தொடங்கும் நேரம் சாயங்காலம் நாலு மணி. அதற்குள் வீட்டு ஆண்கள் பாத்திரம் கழுவி முடித்திருக்க வேண்டும்.'

அடுத்த நிமிஷம் பதினெட்டுப் பெண்கள் கைதட்டினார்கள். முதல் கைதட்டல் ஆஷ்லியுடையது. ஆண்களிடமிருந்து அன்று சாயங்காலம்வரை ஒரு பதிலும் வரவில்லை.