மூன்றரை மணி நேரம்

பம்பாய் ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்து ஆறு நாளாகிவிட்டது. பயிற்சியில் சேர விருப்பமா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் தந்தி கொடுக்க வேண்டும். இன்று வியாழன்.

"பம்பாயா? அது எங்குட்டோல்ல கெடக்கு" என்று அப்பச்சி, அதாவது என் அப்பா, முதல் நாளே சொல்லிவிட்டார். "இங்கேருந்து மெட்ராசுக்கு ஒரு ராத்திரி. அங்குட்டுருந்து ஒண்ணரை நாள் ரயிலு. பொட்டப்புள்ள போற தூரமா?"

பினாங்கில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர் அவர். கடலைத் தூரத்தில் சேர்க்கமாட்டார். பினாங்கில் நம்மவர்கள் தங்கித் தொழில் பார்க்கும் கிட்டங்கி உண்டு, முருகன் கோயில் உண்டு. அதனால் எங்கள் நேமத்தான்பட்டிக்கு அது பக்கத்து ஊர்.

எனக்கு எதிரே நின்று பேச வராது. பி.எஸ்ஸி. பௌதிகத்தில் முதல் வகுப்பு வாங்கியும் அப்படித்தான். அதனால் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதினேன். அட்லஸில் மெட்ராசிலிருந்து பம்பாய்க்கு நூல் பிடித்தேன். அறுநூற்று நாற்பது மைல். விமானத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம். ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டேன். பினாங்கு, ஆயிரத்து நானூற்று எழுபது மைல். நேராகப் பறந்தால் மூன்றரை மணி நேரம். இரண்டு மடங்குக்கும் மேல் என்று எழுதி அடியில் கோடு இழுத்தேன்.

மதியம் சாப்பிட்டு எழுந்தவரிடம் தாளை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நூலை வாங்கி அவரே ஒரு தடவை அளந்தார்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு."

என் காது சூடானது.

"தேனம்மை, இங்க வா. ஒம் மக என்ன எழுதியிருக்கா பாரு."

ஆத்தா ஈரக் கையோடு வந்தாள். நாச்சியாபுரத்து வரன் ஒன்று இரண்டு வருடமாக நின்றுகிடந்தது ஆத்தாவால்தான். மாப்பிள்ளைக்குப் பினாங்கில் கடை. ஏழு நாள் கப்பலில் போகிற ஊருக்குப் பெண்ணை அனுப்பமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள்.

"பினாங்குக்கு மூணரை மணியாம்."

"மூணரை நாளா?"

"மணிங்கிறேன். மெட்ராசுல பலகாரம் சாப்பிட்டா மத்தியானச் சாப்பாடு அங்க."

"நீங்க ஏழு நாளும் வாந்தி எடுத்தீகளே?"

"அது கப்பலு. இது பிளேனுடி."

ஆத்தா என்னைப் பார்த்தாள். "நெசமா உமையா?"

பொய் சொல்ல வரவில்லை. தலையாட்டினேன்.

"அடியாத்தீ, மதுரைக்குப் போயி வர்ற நேரந்தானா! இத முன்னாடியே சொல்லக் கூடாதா? அந்தப் பையனும் பாவம், காத்துக் கெடக்கான்."

அப்பச்சி தாளை நான்காக மடித்தார். "சாயங்காலமே நாச்சியாபுரம் போயிட்டு வந்துர்றேன்."

"அப்பச்சி, பம்பாய்..."

"கிட்டத்தான், யாரு இல்லைன்னா? அங்க நமக்கு யாரு இருக்கா, சொல்லு."

அதற்கு நான் கட்டம் போட்டிருக்கவில்லை.

"அந்தத் தாளக் குடுங்க."

"எதுக்கு?"

"கணக்குல ஒரு தப்பு இருக்கு."

அவர் தாளை மறுபடி விரித்து என் முன்னால் வைத்தார். "எங்க, காட்டு."

ஆத்தாவும் குனிந்து பார்த்தாள். முதல் கட்டத்தைப் பார்த்தேன். இரண்டாவதைப் பார்த்தேன். மறுபடியும் முதலாவது. அப்பச்சி பேனாவின் மூடியைக் கழற்றி, திருத்திக் கொடுக்கச் சொல்லி நீட்டிக்கொண்டிருந்தார்.